பொரிக்கு எட்டு மணி மாத்திரை

குடமுருட்டி ஆற்றை ஒட்டிய தெருவில் பச்சைக் கேட் போட்ட வீடு பரிதியுடையது. அவளுக்குப் பத்து வயது. அவள் வளர்த்த நாய்க்கு இரண்டு வயது. பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருந்ததால், குட்டியாக வந்த அன்றே அதற்குப் பொரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா இளஞ்செழியன் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பொரி அவருடைய பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. திடீரென்று நின்றது. எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தது. அடுத்த நொடி அப்படியே பக்கவாட்டில் விழுந்தது.

நான்கு கால்களும் விறைத்துக்கொண்டன. பிறகு தண்ணீரில் நீந்துவதுபோல வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் அந்தக் கண்களில் பொரி இல்லை.

"அப்பா, பொரி செத்துப் போறான்பா."

அப்பா ஓடிவந்து பொரியின் வாயைப் பிடிக்கப் பார்த்தார். அம்மா விஜயலட்சுமி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் முகத்தில் ஊற்றினாள். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இரும்பு வைங்க, இரும்பு வச்சா நிக்கும்" என்று சொல்லித் தன் சாவிக்கொத்தைப் பொரியின் காலடியில் வைத்தார்.

பக்கத்து வீட்டு மங்களாம்பிகை அத்தை மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் ரவிக்கை தைப்பவள். அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும்.

"கிட்ட போகாதீங்க. நுரை தள்ளுது பாருங்க. அதுக்கு வெறி புடிச்சிருக்கு" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக நின்றது. பொரி எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி நடந்து பைக்கில் முட்டிக்கொண்டது. பரிதி கையை நீட்டினாள். பொரி அவளை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விலகிப் போனது. விழுந்ததைவிட அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல வந்து தயிர்சாதம் கேட்டது.

ஆனால் அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. மங்களாம்பிகை அத்தை அம்மாவிடம் வந்து சொன்னாள்: "கேட்டைத் திறந்து வுடாதீங்க விஜயா. புள்ளைங்க நடமாடுற தெரு."

பரிதி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது.

திங்கட்கிழமை அப்பாவும் பரிதியும் பொரியைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அமிர்தலிங்கம் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே பொரியின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். ரத்தம் எடுத்தார்.

"வெறிநோய் இல்ல. வெறிநோய் வந்த நாய் எழுந்து வந்து தயிர்சாதம் கேக்காது" என்றார். "இது வலிப்பு. மனுஷங்களுக்கு வர்ற மாதிரிதான். மூளைக்குள்ள கொஞ்ச நேரம் கரண்டு தாறுமாறா ஓடும். அப்புறம் தானா அடங்கிடும்."

"அவனுக்கு வலிக்குமா சார்?"

"அந்த நேரத்துல அவனுக்கு நினைவே இருக்காதும்மா. பாக்கிற நமக்குத்தான் வலி. எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும் சார்" என்றார் அப்பா.

"ஒரு மணி நேரம் மாதிரி இருந்துச்சு" என்றாள் பரிதி.

டாக்டர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இரும்பு வைக்க வேணாம், தண்ணி ஊத்த வேணாம், வாய்க்குள்ள கைய வுட வேணாம். அடுத்த தடவை வந்துச்சுன்னா முதல்ல மணியப் பாரு. முடிஞ்சா வீடியோ எடு. இடிச்சுக்கிற மாதிரி ஏதாவது கிட்ட இருந்தா நகர்த்திடு. அவ்வளவுதான் நம்ம வேலை."

அடுத்த தடவை என்ற அந்தச் சொல்லைப் பரிதியால் மறக்க முடியவில்லை.

பொரி காதைச் சொறிந்தால் அவளுக்குத் திக்கென்றது. தூக்கத்தில் காலை உதைத்தால் எழுந்து ஓடினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவளுக்குக் காதில் விழவில்லை. வீட்டில் பொரி இப்போது நின்றுகொண்டிருக்கிறதா, விழுந்துகிடக்கிறதா என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இருபதாம் நாள் மாலை அது வந்தது.

பரிதி ஓடிவந்தாள். முதலில் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். முக்காலியை இழுத்து அப்பால் போட்டாள். டிவியை நிறுத்தச் சொன்னாள். அப்பா போனில் வீடியோ எடுத்தார். யாரும் பொரியைத் தொடவில்லை. ஒரு நிமிடம், ஐம்பது நொடி. அவ்வளவுதான்.

வீடியோவைப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"காலையில எட்டு, ராத்திரி எட்டு. ஒரு வேளைகூட வுடக் கூடாது. நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. வலிப்பு அஞ்சு நிமிஷம் தாண்டுச்சுன்னாலும், ஒரே நாள்ல ரெண்டாவது தடவை வந்தாலும் உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

முதல் வாரம் பொரி தூங்கி வழிந்தது. விழித்திருந்த நேரமெல்லாம் பசி. ஒருநாள் அப்பா கை கழுவப் போன இடைவெளியில் அவர் தட்டிலிருந்த நான்கு இட்லியையும் காலி செய்துவிட்டு, சட்னியை மட்டும் விட்டுவைத்திருந்தது. மாத்திரையைப் பரிதிதான் கொடுத்தாள். வாயைத் திறந்து அடிநாக்கில் வைத்து, தொண்டையைத் தடவிக்கொடுப்பாள். ஒரு மாதம் போயிற்று. வலிப்பு வரவில்லை.

அப்போதுதான் பத்திரிகை வந்தது. நாகநாதன் பெரியப்பாவுக்கு அறுபது வயது நிறைகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். புதன்கிழமை மதியம் வேனில் கிளம்பி, அங்கே தங்கி, வியாழக்கிழமை திரும்ப வேண்டும்.

"புதன்கிழமை ராத்திரி மாத்திரை, வியாழக்கிழமை காலை மாத்திரை. ரெண்டையும் யாரு கொடுப்பா?" என்று கேட்டாள் பரிதி.

வேனில் பதினாறு பேர். தங்கும் விடுதியில் நாயை உள்ளே விடமாட்டார்கள். பரிதி தான் வரவில்லை என்றாள். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தெருவில் பாதி வீடு சொந்தக்காரர்கள். எல்லோரும் அதே வேனில்தான் வருகிறார்கள். பக்கத்திலேயே இருப்பவர்களில் எஞ்சியிருந்தது ஒரே ஒருத்தி.

பரிதி தயங்கித் தயங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா?"

"பாவாடை நீளம் குறைக்கணுமா?"

"இல்ல. பொரிக்கு ரெண்டு வேளை மாத்திரை கொடுக்கணும்."

மெஷின் நின்றது.

"என்னால முடியாதுடி" என்றாள் அத்தை. அவள் திட்டவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். அங்கே நெளிந்து நெளிந்து ஒரு பழைய தழும்பு. "ஏழு வயசுல கடிச்சது. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போட்டாங்க. இன்னிக்கும் நாய் குரைச்சா எனக்கு வயிறு வலிக்கும்."

பரிதி அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தைக்குப் பொரியைப் பிடிக்காது என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். பயம் என்று தோன்றவே இல்லை. பயம் என்றால் எப்படியிருக்கும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவள் கெஞ்சவில்லை. மெஷினுக்குக் கீழே கிடந்த துண்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டே யோசித்தாள்.

"அத்தை, நீங்க அவனைத் தொட வேணாம். கேட்டுக்கு வெளியிலயே நில்லுங்க. வாழைப்பழத் துண்டுக்குள்ள மாத்திரைய வச்சு, கம்பி வழியா உள்ள தட்டுல போட்டுடுங்க. அவனே தின்னுக்குவான்."

அத்தை அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"கேட்டு பூட்டியிருக்குமா?"

"பூட்டியிருக்கும். சாவிய உங்ககிட்ட கொடுத்துட்டுப் போறோம்."

"சாவிய வாங்கி வச்சுக்குவேன். ஆனா தொறக்க மாட்டேன்."

"சரி அத்தை."

மறுநாள் ஒத்திகை நடந்தது. அத்தை கேட்டுக்கு இரண்டடி தள்ளி நின்று பழத்துண்டை வீசினாள். அது நேராகத் தட்டில் விழுந்தது. பொரி வாலை ஆட்டியது.

"ஏண்டி வால ஆட்டுது?"

"சந்தோஷமா இருக்கான்."

"என்னைப் பாத்தா?"

"பழத்தைப் பாத்து" என்றாள் பரிதி. அத்தைக்கு அது நிம்மதியாக இருந்ததுபோலத் தெரிந்தது.

பரிதி ஒரு தாளில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். எட்டு மணி. ஒரு மாத்திரை. வலிப்பு வந்தால் முதலில் மணி. தொடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. அம்மாவின் எண், டாக்டரின் எண். இரண்டு முறை படித்துப் பார்த்து, எதுவும் விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை இரவு எட்டு அடித்து இரண்டு நிமிடத்தில், திருக்கடையூரில் அம்மாவின் போன் ஒலித்தது.

"போட்டுட்டேன். லபக்குனு முழுங்கிடுச்சு" என்றாள் அத்தை. பரிதி அன்று நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் கோயில் பிராகாரம் முழுக்கக் கூட்டம். பெரியப்பாவும் பெரியம்மாவும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். கலசங்கள் வரிசையாக நின்றன. அம்மா தன் போனைப் பரிதியிடம் கொடுத்திருந்தாள். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தபோது போன் அதிர்ந்தது. மணி எட்டு ஆகவில்லையே என்று நினைத்தபடியே எடுத்தாள்.

"பரிதி... அது வுழுந்துடுச்சுடி." அத்தையின் குரல் அத்தையின் குரல் மாதிரியே இல்லை.

தவில் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. பரிதி ஒரு காதைப் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து மதில் ஓரத்துக்கு ஓடினாள்.

"அத்தை, மணி பாருங்க."

"மணிய எதுக்குடி..."

"முதல்ல மணி."

"ஏழு நாப்பத்திரண்டு."

"எப்ப வுழுந்தான்?"

"இப்பத்தான். என்னைப் பாத்து எழுந்து வந்துச்சு, அப்படியே சாஞ்சிடுச்சு. பரிதி, தண்ணித் தொட்டி ஓரத்துல வுழுந்திருக்கு. தலை சிமெண்ட்ல இடிக்குது. டக்கு டக்குனு இடிக்குதுடி."

பரிதிக்கு அந்தத் தொட்டியின் விளிம்பு கண் முன்னால் தெரிந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அத்தை போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவாள். மூச்சை ஒருமுறை இழுத்து விட்டாள்.

"அத்தை, கேட்டைத் தொறக்கணும்."

மறுமுனையில் சாவி கம்பியில் மோதும் ஓசை மட்டும் கேட்டது.

"அவனுக்கு இப்ப நினைவு இல்ல. எழுந்து உங்ககிட்ட வரமாட்டான். நீங்க கிட்டயும் போக வேணாம். சுவத்துல நீளமா ஒட்டடைக் கம்பு சாத்தியிருக்கு. படிக்கிட்ட காலிச் சாக்கு மடிச்சு வச்சிருக்கேன். கம்பால அந்தச் சாக்கைத் தள்ளி, தலைக்கும் தொட்டிக்கும் நடுவுல நுழைச்சிடுங்க. வாய்க்கிட்ட கை மட்டும் போகக் கூடாது."

பிறகு சாவி பூட்டில் உரசும் ஓசை. ஒருமுறை தவறியது. இரண்டாம் முறையும் தவறியது. கேட் கிறீச்சிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டாள் போலும். கம்பு தரையில் இழுபடுவது கேட்டது. "முருகா, முருகா" என்பதும் கேட்டது. டக்கு டக்கு என்ற ஓசையும் கேட்டது. பரிதி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். இருபத்தேழில் அந்த ஓசை நின்றது.

"வச்சுட்டேன்" என்றாள் அத்தை, மூச்சு வாங்க.

"மணி?"

"நாப்பத்தி மூணு."

"இனிமே ஒண்ணும் செய்யாதீங்க. பாத்துட்டே இருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்."

எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் பொரியின் நகம் சிமெண்டில் உரசுவது பரிதிக்குக் கேட்டது. யாரோ ஒரு மாமா, "இங்க என்ன பண்றே, தாலி கட்டப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

"நின்னுடுச்சு" என்றாள் அத்தை. "காலு நின்னுடுச்சு. மூச்சு வுடுது. நாப்பத்தி நாலு ஆகப்போகுது."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பரிதி அப்படியே கல் தரையில் உட்கார்ந்தாள்.

"பரிதி," என்றது போன். "தட்டுக்குப் பின்னாடி என்னமோ வெள்ளையா கிடக்கு."

பரிதிக்குப் புரிந்துவிட்டது.

"மாத்திரைடி. ராத்திரி போட்ட மாத்திரை. பழத்தை மட்டும் தின்னுட்டுத் துப்பியிருக்கு. நான்தான் அது பழத்தைக் கவ்வினதுமே முழுங்கிடுச்சுன்னு நினைச்சு, நின்னு பாக்காம ஓடியாந்துட்டேன்." கம்பைக் கீழே போடும் சத்தம் கேட்டது. "என்னாலதான் இப்படி ஆச்சு."

பரிதி தான் எழுதிய தாளை மனதுக்குள் வரி வரியாகப் படித்தாள். முழுங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. அவள் எப்போதும் தொண்டையைத் தடவிப் பார்ப்பாள். அது அவளுக்குப் பழகிப்போனதால் எழுதத் தோன்றவே இல்லை.

"அத்தை, அதை நான் எழுதலையே. எழுதியிருந்தா நீங்க பாத்திருப்பீங்க" என்றாள். "உங்களாலதான் அவன் தலை உடையாம இருக்கு."

அப்பா அங்கிருந்தே டாக்டரைப் போனில் பிடித்தார்.

"வேளை தவறினதால வந்திருக்கலாம். சரியா கொடுத்தாலும் சில சமயம் வரும்" என்றார் டாக்டர். "நல்லாத் தெளிஞ்சு தண்ணி குடிக்கட்டும். அப்புறம் காலை மாத்திரைய மட்டும் கொடுங்க. விட்டுப்போனதையும் சேர்த்துக் கொடுக்க வேணாம். இன்னிக்குப் பூரா யாராவது ஒரு கண்ணு வச்சுக்கணும். மறுபடி வந்தா எனக்கு உடனே போன் பண்ணுங்க. இல்லன்னா நாளைக்குக் காலையில கொண்டு வாங்க."

பெரியப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டு முதல் பந்தியிலயே எழுந்துடுங்க. வேனைக் கிளப்பச் சொல்றேன்" என்றார். பரிதிக்குப் பாயசம்கூட இறங்கவில்லை.

ஒன்பது மணிக்கு அத்தை பேசினாள்: மாத்திரை உள்ளே போய்விட்டது, இந்தத் தடவை பார்த்தேன். பதினோரு மணிக்குப் பேசினாள்: சோறு தின்றுவிட்டது. மயிலாடுதுறை ரயில்வே கேட்டில் வேன் இருபது நிமிடம் நின்றபோது பரிதியே கூப்பிட்டாள். அத்தை எடுக்கவில்லை. கும்பகோணத்தில் டவுன் பஸ்களுக்கு நடுவே வேன் ஊர்ந்தபோது மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தையல் மெஷின் சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள் அம்மா. ஆனால் அம்மாவும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரு முனையில் வேன் திரும்பியதுமே பரிதி கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டாள். டிரைவர் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

பச்சைக் கேட்டுக்கு உள்ளேயிருந்து மங்களாம்பிகை அத்தை உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு இப்படிச் சத்தம் போடுறீங்க? இப்பத்தான் தூங்குது" என்றாள் ரகசியக் குரலில்.

கேட்டுக்கு உள்ளே, தொட்டி நிழலில், பொரி சாக்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஐந்தடி தள்ளி ஒரு வாளி கவிழ்ந்திருந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் அத்தை அன்று பகல் முழுக்க ஏழு ரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைத்திருந்தாள்.

"போன் பண்ணினேனே அத்தை, ஏன் எடுக்கல?"

"மணியடிச்சா முழிச்சுக்கும்னு அதுல சத்தத்தை நிறுத்திட்டேன்."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொரி ஒரு கண்ணைத் திறந்து பரிதியைப் பார்த்தது. அவள் யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. வால் இரண்டு முறை தரையைத் தட்டியது. பரிதி அதன் பக்கத்தில் படுத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புதுப்பாவாடை மண்ணானதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரவு எட்டு மணிக்குப் பரிதி மாத்திரையை எடுத்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அத்தை வாழைப்பழத்தோடு நின்றாள்.

"நான் ஒருதடவை கொடுத்துப் பாக்குறேனே. நீ பக்கத்துலயே நில்லு."

மாத்திரை வைத்த துண்டு அவள் உள்ளங்கையில் இருந்தது. பரிதி அந்தக் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள். பொரி மெல்ல வந்து மோந்து பார்த்து, நாக்கால் துண்டை அப்படியே வழித்து எடுத்துக்கொண்டது. பரிதி அதன் தொண்டையைத் தடவினாள். உள்ளே போனது. அத்தை குனிந்து தரையையும், தட்டுக்குப் பின்னாலும், தொட்டி இடுக்கிலும் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஈரமா இருக்குடி அதோட நாக்கு" என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கேட் வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"காலையிலயும் எட்டு மணிதானே?"